அமுதன் தலையில் ஏறாத கிரீடம்: பொன்னியின் செல்வன் படமும் என் வருத்தமும்

கோடிக்கரைப் படகு எழுதியது:

இரண்டாம் பாகம் வந்து இத்தனை நாள் கழித்து இதைக் கிளற வேண்டுமா என்று கேட்பீர்கள். போன வாரம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இரண்டு பாகத்தையும் திரும்பப் பார்த்தோம். 2022 செப்டம்பரில் தியேட்டரை விட்டு வெளியே வரும்போது நெஞ்சில் இருந்த அதே பாரம் மறுபடி வந்தது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பாட்டி வீட்டில் கல்கி இதழிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த பொன்னியின் செல்வன் இருந்தது. மணியம் வரைந்த படங்களோடு. பாட்டிக்குக் கண்ணில் புரை. நான் ஐந்தாம் வகுப்பு. கோடை விடுமுறையில் மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் உரக்க வாசிக்க வேண்டும், அவள் ஊஞ்சலில் படுத்துக்கொண்டு கேட்பாள். எனக்கு வாய் தடுக்கினால் அடுத்த வரியை அவளே சொல்லிவிடுவாள்.

அந்தக் கதை எப்படித் தொடங்குகிறது? ஆடிப் பதினெட்டு. வீரநாராயண ஏரிக்கரை. களைத்த குதிரையில் ஒரு வாலிபன். குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து கமுகு மட்டையில் கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் வைத்துச் சாப்பிடுகிறார்கள். எழுபத்து நான்கு கணவாய்களிலும் தண்ணீர் குபுகுபுவென்று பாய்கிறது. அவன் ஊருக்குப் புதிது, நாமும் புதிது. அவன் பார்த்தால்தான் நமக்குத் தெரியும், அவன் ஒட்டுக்கேட்டால்தான் நமக்குக் கேட்கும். படம் எங்கே தொடங்குகிறது? போர்க்களத்தில். அந்த வாலிபன் வந்தியத்தேவன் பாட்டுப் பாடிக்கொண்டு சோழ நாட்டுக்குள் வருவதற்குள் நமக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது.

சரி, இதைக்கூட விடுங்கள். முடிவைச் சொல்லுங்கள். தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கிற சேந்தன் அமுதன், வாய் பேசாத அம்மா வளர்த்த பிள்ளை, அவன்தான் உண்மையான மதுராந்தகன், செம்பியன் மாதேவி பெற்ற இளவரசன். ஊரே இளவரசன் அருள்மொழிக்கு முடிசூட்டக் காத்திருக்கும்போது அருள்மொழி அந்தக் கிரீடத்தை எடுத்து அமுதன் தலையில் வைக்கிறான். ஐந்தாம் பாகத்துக்குத் தியாகச் சிகரம் என்று பெயர் வைத்ததே அந்த இடத்துக்காகத்தான். படத்தில் அமுதன் இருக்கிறானா இல்லையா என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. கிரீடம், அதற்கு ஆசைப்பட்டுச் சதி செய்தவன் தலைக்கே போகிறது. என் பாட்டியின் கதை இது இல்லை.

ஈரோட்டு ரசிகன் எழுதியது:

அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கொஞ்சம் கணக்கும் பார்க்க வேண்டும். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர். ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். இரண்டு படமும் சேர்த்து ஐந்தரை மணி நேரம். எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும்.

அமுதன் கதையை வைக்க வேண்டும் என்றால் என்னென்ன வேண்டும் பாருங்கள். குழந்தைகள் மாறிப் போன கதை, அதை மறைத்தது யார் என்ற கதை, மந்தாகினியின் தங்கை, அமுதனை வளர்த்த வாணியின் கதை, செம்பியன் மாதேவி இத்தனை வருடம் மனத்தில் வைத்துப் புழுங்கியது. இவ்வளவையும் கடைசி அரை மணியில் யாராவது உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். அதற்குள் அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலன் செத்திருப்பான். அவன் சாவின் கனம் அடங்குவதற்குள், உண்மையில் இவன் அவன் இல்லை, அவன்தான் இவன் என்று சொன்னால் தியேட்டரில் யாரும் உட்கார மாட்டார்கள்.

நாவலை அறியாதவர்கள் கையில் கதை மாட்டவும் இல்லை. 1999இல் மேஜிக் லேண்டர்ன் குழுவுக்காக இதை நாடகமாக எழுதிய குமரவேல்தான் படத்தின் திரைக்கதையிலும் இருக்கிறார். வசனம் ஜெயமோகன். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து பலரும் எடுக்க நினைத்து முடியாமல் போன கதை இது. ஒருவர் எடுத்து முடித்திருக்கிறார். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

கோடிக்கரைப் படகு எழுதியது:

எடுத்து முடித்ததற்கு நானும் நன்றி சொல்கிறேன் தம்பி. ஜெயராம் ஆழ்வார்க்கடியானாக வந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே அவர்தான்.

ஆனால் நேரம் இல்லை என்பதை ஏற்க மாட்டேன். நாவலின் கடைசியில் பெரிய போர் எதுவும் கிடையாது. படத்தில் அதற்கு இடம் கிடைத்ததே? அந்த இருபது நிமிஷத்தை ஒரு பூக்கூடைக்காரனுக்குக் கொடுத்திருக்கலாம். மணிமேகலையை எடுத்தே விட்டார்கள். வந்தியத்தேவன் மடியில் அவள் உயிர் போகிற இடத்தில்தான் நாவலே முடிகிறது. அந்த அத்தியாயத்தை வாசிக்கும்போது எனக்குக் குரல் உடைந்து, பாட்டி "போதும்மா, நாளைக்கு" என்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

கல்வெட்டு நேசன் எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் சிறு வயதில் இதைப் படித்துத்தான் கோயில் கோயிலாகப் போக ஆரம்பித்தேன். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் இந்த முடிவு விஷயத்தில் படத்தின் பக்கம்தான் நிற்பேன்.

திருவாலங்காட்டுச் செப்பேடு என்ன சொல்கிறது? குடிமக்கள் அருள்மொழியை அரசனாகும்படி கேட்டார்கள். தன் சிற்றப்பன் மதுராந்தகனுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும் வரை தான் அதை மனத்தாலும் விரும்புவதில்லை என்று அவன் மறுத்துவிட்டான். கவனியுங்கள், சிற்றப்பனுக்கு ஆசை இருந்தது என்று செப்பேடே சொல்கிறது. ஒன்றும் தெரியாத பூக்காரப் பிள்ளைக்குக் கிரீடத்தைக் கொடுப்பதைவிட, ஆசைப்படுகிறவனுக்கே தெரிந்து விட்டுக்கொடுப்பது பெரிது இல்லையா? எனக்கு அப்படித்தான் படுகிறது. மதுராந்தகன் அதன் பிறகு உத்தம சோழன் என்ற பெயரில் 985 வரை ஆண்டான். அருள்மொழி அதுவரை காத்திருந்து ராஜராஜனாக அரியணை ஏறினான்.

அப்புறம் ஆதித்த கரிகாலன் கொலை. உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பெயர் சொல்லித் துரோகிகள் என்கிறது. நான் அந்தச் சுவரின் முன்னால் நின்று விரலை எழுத்தின் மேல் படாமல் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ரவிதாசன் என்ற பெயரை அங்கே கண்டபோது உடம்பு சிலிர்த்தது. கல்கி எவ்வளவை அங்கிருந்து எடுத்தார், எவ்வளவைத் தானாகச் சேர்த்தார் என்பது அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. அவர் வரலாற்றில் சேர்த்தார், மணிரத்னம் அவர் கதையில் குறைத்தார். ஒருவருக்கு அனுமதி, இன்னொருவருக்கு இல்லை என்றால் எப்படி?

யாழ்வாணி எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இந்தக் கதையை அப்பா சொல்லுவார், நாங்கள் கேட்போம். கல்கி ஓவியர் மணியத்தையும் கூட்டிக்கொண்டு இலங்கைக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினவர். அது எழுத்தில் தெரியும். கோடிக்கரையில் இருந்து இரவில் படகுக்காரப் பெண் பூங்குழலி வந்தியத்தேவனை வைத்துப் படகு வலித்து நாகத்தீவுக்கு வருகிற இடம் இருக்கிறதே, இந்தக் கடலைத் தெரிந்த ஆளுக்கு அது வேறு மாதிரி இருக்கும். சத்தம் இல்லாத கடல். அலை பெரிதாக இராது. அந்த அமைதியில்தான் "அலைகடலும் ஓய்ந்திருக்க அகக்கடல்தான் பொங்குவதேன்" என்று அவள் பாடுகிறாள். வெளியே ஓய்ந்திருந்தால்தானே உள்ளே பொங்குவது கேட்கும்.

படத்தில் கடல் வடிவாகத்தான் இருந்தது, பாட்டும் நல்ல பாட்டு. ஆனால் வேறு பாட்டு. அவளுக்கு என்று இருந்த அந்த ஒரு வரியை வைத்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தாய்லாந்தில் போய் எடுத்ததைப் பற்றி எனக்குக் குறை இல்லை. அந்த வரியைப் பற்றித்தான்.

இன்னொன்று. அமுதன் இல்லாவிட்டால் பூங்குழலிக்கு என்ன முடிவு? நாவலில் அவள் இளவரசனை நினைத்து, அரண்மனையை நினைத்து, கடைசியில் எல்லாம் வேண்டாம் என்று பூக்கார அமுதனைத் தேர்ந்தெடுக்கிறாள். அவன் அரசனாகிறான். வேண்டாம் என்று விட்ட அரண்மனைக்குள்ளேயே அவள் போக வேண்டியதாகிறது. படத்தில் அவளைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள்.

ஈரோட்டு ரசிகன் எழுதியது:

யாழ்வாணி அக்கா சொன்ன பூங்குழலி விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். அது படத்தின் குறைதான்.

ஆனால் தொடர் முடிந்த காலத்திலேயே வாசகர்கள் ஏமாற்றமாக எழுதினார்கள் என்பதை மறக்க வேண்டாம். சட்டென்று முடித்துவிட்டீர்கள், இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று கேட்டார்கள். அதற்காகவே கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதினார். நாவல் வந்தபோதும் ஒரு கூட்டம் "நான் நினைத்த மாதிரி இல்லை" என்றுதான் சொன்னது. கல்கி கையாலேயே எழுதிய முடிவுக்கு அந்தக் கதி என்றால், எழுபது வருடம் கழித்து எடுத்த படத்துக்கு என்ன நடக்கும்?

புதுவாசகி எழுதியது:

நான் படம் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்கினவள். எனக்கு அப்போது பதினேழு வயது. நாட்டுடைமை ஆனதால் மலிவுப் பதிப்பாகக் கிடைத்தது, ஐந்து பாகமும். முதல் பாகத்தைப் படிக்கும்போது கார்த்தி முகம்தான் வந்தது. மூன்றாம் பாகம் வருவதற்குள் அந்த முகம் போய்விட்டது. ஏன் என்று தெரியவில்லை.

அரிசிலாற்றங்கரையில் பெண்களைக் காப்பாற்றுகிறேன் என்று வந்தியத்தேவன் முதலை மேல் வேலை எறிய, அது பஞ்சு அடைத்த முதலை என்று தெரிகிற இடத்தில் ஹாஸ்டலில் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். படத்தில் இது இல்லையே என்று அப்போதுதான் தோன்றியது. படம் முழுக்க எல்லோரும் அழகாகவும் கனமாகவும் இருக்கிறார்கள். புத்தகத்தில் அவன் அசடு வழிகிறான், மாட்டிக்கொள்கிறான், பொய் சொல்லித் தப்பிக்கிறான்.

ஆனாலும் படம் இல்லாவிட்டால் எனக்குப் புத்தகமே கிடையாது. அதனால் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை.

கோடிக்கரைப் படகு எழுதியது:

புதுவாசகி, நீ சொன்ன முதலைக்காகவே உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. நான் சொல்ல வந்து சொல்லத் தெரியாமல் விட்டது அதுதான். அது ஒரு குறும்புக்காரப் பையனின் பயணம். சாம்ராஜ்யம் அவன் போகிற வழியில் வருகிறது. படத்தில் சாம்ராஜ்யம் முன்னால் வந்துவிட்டது.

கல்வெட்டு நேசன் ஐயாவுக்கு. செப்பேட்டில் உள்ளது கல்கிக்கும் தெரியும். தெரிந்துதான் அமுதனை உண்டாக்கினார் என்று நான் நினைக்கிறேன். ஊர் ஊராகக் கற்றளி எழுப்பிய செம்பியன் மாதேவியின் வயிற்றில் பிறந்தவன் நாட்டுக்கு ஆசைப்பட்டுக் கொலைகாரர்களோடு சேர்வானா என்ற கேள்வி அவருக்கு இருந்திருக்கும். அதற்குப் பதில்தான் அந்தப் பூக்கூடை. அவர் சேர்த்ததில் ஒரு காரணம் இருந்தது. படம் குறைத்ததில் எனக்கு நேரம் மட்டும்தான் காரணமாகத் தெரிகிறது.

கல்வெட்டு நேசன் எழுதியது:

நேரம் மட்டும் இல்லை அம்மா. படம் கரிகாலனும் அவன் காதலித்த நந்தினியும் என்று முடிவு செய்துவிட்டது. இரண்டாம் பாகமே அவர்களின் சின்ன வயதில்தான் தொடங்குகிறது. அந்தக் கதைக்கு அமுதன் தேவைப்படவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்தது வேறு கதை, அதை ஒழுங்காகச் சொன்னார்கள். ஆனால் செம்பியன் மாதேவியைப் பற்றி நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்க்கிறேன். கோனேரிராஜபுரத்தில் அவர் எடுப்பித்த கோயிலில் நின்றபோது எனக்கும் அந்தக் கேள்வி வந்தது உண்டு.

ஈரோட்டு ரசிகன் எழுதியது:

அக்கா, ஒன்று கேட்கலாமா? முடிவைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள். பட்டாபிஷேக அத்தியாயத்தை நீங்கள் வாசித்தபோது பாட்டி என்ன சொன்னார்?

கோடிக்கரைப் படகு எழுதியது:

நான் அதை வாசிக்கவில்லை தம்பி. அந்த பைண்டு புத்தகத்தில் பட்டாபிஷேகம் வருகிற வாரத்துப் பக்கங்கள் இல்லை. யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போன வீட்டில் கிழிந்துவிட்டது. அந்த இடம் வந்ததும் நான் முழித்தேன். பாட்டி ஊஞ்சலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். "இங்கே கொடு" என்று புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாயாலேயே சொன்னாள். அருள்மொழி கிரீடத்தைத் தூக்குகிற இடம் வந்தபோது இரண்டு கையையும் உயர்த்தினாள். எல்லோரும் அவன் தன் தலையில் வைத்துக்கொள்ளப் போகிறான் என்று பார்க்கிறார்கள், பார்க்கிறார்கள் என்று இழுத்தாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தலையில் அந்தக் கைகளைக் கொண்டு வந்து வைத்தாள்.

அச்சில் அந்த அத்தியாயத்தை நான் படித்தது கல்லூரியில் சேர்ந்த பிறகுதான்.