மறு: ஸ்போர்ட்ஸ் காரைக் கிளப்பும் பொத்தானுக்கும் சாவிக்கும் தமிழில் என்ன சொல்?

அன்பு நண்பர்களே,

மூன்று நாளாக இந்த இழையை வாசித்துவருகிறேன். 'புஷ் பட்டன் இக்னிஷன்', 'டர்ன் கீ ஸ்டார்ட்' இரண்டுக்கும் சொல் கேட்டார் நம் இதழாசிரியர் அக்கா. வரப்போகும் கட்டுரை ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றியது என்பதால் இந்த இரண்டு சொற்களும் பக்கத்துக்குப் பக்கம் வரும். இதுவரை வந்தவை மூன்று: 'பொத்தான் எரியூட்டல்', 'விசைத் தொடக்கம்', யாழ்ப்பாணத்து நண்பர் தந்த 'திறப்புத் தொடக்கம்'. மூன்றிலும் எனக்குச் சிக்கல் தெரிகிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> இக்னிஷன் என்றால் எரியூட்டல்தானே? பாடநூலிலும் அப்படித்தான் இருக்கிறது.

ஐயா, பாடநூல் சொல்வது சிலிண்டருக்குள் நடப்பதை. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையில் ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறதே, அது எரியூட்டல். அந்த இடத்தில் அந்தச் சொல் மிகச் சரி. ஆனால் ஓட்டுநர் சாவியைத் திருகும்போது தீயை மூட்டுவதில்லை. சாவி கடைசி நிலைக்குப் போனதும் சோலனாய்டு என்ற மின்காந்தச் சுவிட்சுக்கு மின்சாரம் போகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் சிறிய பல்சக்கரம் முன்னே வந்து, எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பெரிய சக்கரமான ஃப்ளைவீலின் பற்களைக் கவ்விச் சுற்றுகிறது. எஞ்சின் ஓரளவு சுற்றிய பிறகே எரிதல் தன் வேலையை ஏற்றுக்கொள்கிறது. கையைவிட்டதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங், சாவியை ஒரு நிலை பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. ஆக, நமக்கு வேண்டியது அந்தச் சுற்றிவிடும் வேலைக்கான சொல். டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது, மின்காரில் எரிவதற்கு எதுவும் இல்லை. 2019இல் வந்த போர்ஷ் டைக்கானில் ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை 'எரியூட்டல் பொத்தான்' என்று எழுதினால் படிக்கிறவர் பதறிப்போவார்.

'விசை'யும் வேண்டாம் என்பேன். இயற்பியலில் அது ஃபோர்ஸ், கணினியில் விசைப்பலகையின் கட்டை, மின்வேலையில் சிலர் சுவிட்சுக்கும் அதையே சொல்கிறார்கள். 'விசையை அழுத்தித் தொடக்கினான்' என்று எழுதினால் அவன் காருக்குள் இருக்கிறானா கணினி முன் இருக்கிறானா என்றே தெரியாது.

'திறப்பு' பற்றி. இலங்கையில் வீட்டுச் சாவியும் வண்டிச் சாவியும் திறப்புதான், அங்கே அது உயிருள்ள சொல். தமிழ்நாட்டில் அதே சொல் 'பாலம் திறப்பு விழா' என்றுதான் காதில் விழும். இதழ் இரண்டு பக்கமும் போகிறது. அதனால் சாவி, திறப்பு இரண்டுமே பெயருக்குள் வராத சொல் கிடைத்தால் நல்லது என்று தேடத் தொடங்கினேன். ('சாவி', 'பொத்தான்' இரண்டுமே போர்த்துகீசியர் வழி வந்தவை. நானூறு ஆண்டுகளாக நம் வீட்டில் இருக்கிற சொற்களை விரட்ட வேண்டும் என்பது என் கட்சி இல்லை.) சாவியைப் பெயரில் சேர்க்கக் கூடாது என்பதற்கு வேறு வலுவான காரணம் இருக்கிறது. அது வண்டிகளிலேயே இருக்கிறது.

சாவி என்பது ஒரே வேலையைச் செய்கிற பொருள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் மூன்று வேலைகள். இந்த வண்டியை எடுக்க இவருக்கு உரிமை உண்டு என்று காட்டுவது ஒன்று. வண்டியின் மின்சுற்றுகளை இணைப்பது இரண்டாவது. எஞ்சினைச் சுற்றிவிடுவது மூன்றாவது. தொடக்கத்தில் இவை தனித்தனியாகவே இருந்தன. கைப்பிடி போட்டு முன்னாலிருந்து சுற்றிய காலம் முடிந்து, சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912 காடிலாக்கில் வந்தது. அதன்பின் பல ஆண்டுகள் சாவி மின்சுற்றை இணைக்கும், காலாலோ கையாலோ தனியே ஒரு பொத்தானை மிதித்தோ அழுத்தியோ எஞ்சினைக் கிளப்ப வேண்டும். இரண்டையும் ஒரே சாவியில் சேர்த்தது கிரைஸ்லர், 1949இல். நாம் 'பழைய முறை' என்று சொல்லும் திருகல் அப்போது வந்த புதுமை, பொத்தான்தான் அதற்கும் பழையது. அக்கா, கட்டுரையின் முன்னுரையில் 'நவீனப் பொத்தான் முறை' என்று இருக்கிறது. அந்த 'நவீன'த்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.

பந்தய வண்டிகளில் அந்தப் பிரிவு மறையவே இல்லை. சாவி கிடையாது. ஒரு சுவிட்சைத் தட்டி மின்சுற்றை இணைப்பார்கள், பிறகு பொத்தான். சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பொத்தான்மேல் இவ்வளவு ஆசை வந்தது அங்கிருந்துதான். 1999இல் வந்த ஹோண்டா எஸ்2000ஐப் பாருங்கள். முதலில் சாவியைத் திருக வேண்டும், ஆனால் எஞ்சின் எழாது. அப்புறம் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். 2004இன் ஃபெராரி எஃப்430இலும் சாவியைத் திருகிவிட்டு ஸ்டீயரிங்மேல் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். இவை சாவி முறையா, பொத்தான் முறையா? 'சாவித் தொடக்கம்', 'பொத்தான் தொடக்கம்' என்று இரண்டு பெட்டி வைத்தால் இந்த இரண்டு கார்களையும் எதிலும் போட முடியாது.

இன்னும் கேளுங்கள். ஆஸ்டன் மார்ட்டின் 2007இல் கொண்டுவந்த டிபிஎஸ் காரில் கண்ணாடி முகம் வைத்த சாவியையே டாஷ்போர்டின் நடுவில் இருக்கும் பள்ளத்துக்குள் அழுத்த வேண்டும். சாவி உண்டு, திருகல் இல்லை. நேர் எதிராக, 2018 கடைசியில் அறிமுகமான போர்ஷ் 911 தலைமுறையில் சாவி சட்டைப்பையிலேயே கிடக்கும், ஆனால் டாஷ்போர்டில் நிலையாகப் பொருத்திய ஒரு குமிழைத் திருக வேண்டும். திருகல் உண்டு, சாவி இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெளிவு வந்தது. கை என்ன செய்கிறதோ அதைப் பெயரில் வைக்க வேண்டும், கையில் என்ன இருக்கிறது என்பதை அல்ல.

சரி, கை செய்வது இரண்டு: திருகுதல், அழுத்துதல். கைக்குக் கீழே நடப்பதற்கு என்ன சொல்? கோவையில் என் தம்பி வைத்திருக்கும் பட்டறையில் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து காது கொடுத்தேன். 'செல்ஃப் அடி', 'செல்ஃப் எடுக்கல' என்பதுதான் அங்கே ஆட்சி. 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' நறுங்கி 'செல்ஃப்' ஆகிவிட்டது. ஆனால் வாடிக்கையாளர் வந்து நின்றதும், வேலை முடிந்த வண்டியை வெளியே எடுக்கச் சொல்லும்போது, எல்லார் வாயிலும் வந்தது 'வண்டியக் கிளப்பு'. யாரும் சொல்லிக்கொடுக்காமல் வருகிற வினை அது. தூங்குபவனைக் கிளப்புவதும் தூசியைக் கிளப்புவதும் இதே வினைதான். அசையாமல் கிடந்ததை எழுப்பி அசையவைப்பது அதன் பொருள். ஸ்டார்ட்டர் மோட்டார் செய்வதும் அச்சாக அதுவே.

'தொடக்கு' தவறில்லை, ஆனால் கூட்டத்தையும் கணக்கையும் தொடக்கும் சொல் அது, எஞ்சினின் உறுமல் அதில் இல்லை. 'முடுக்கு' எனக்குப் பிடித்த வினை, கடிகாரத்தை முடுக்குவோம். ஆனால் முடுக்கம், முடுக்கி இரண்டையும் வேகவளர்ச்சிக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் கொடுத்துவிட்டோம். அதே காரில் அதே சொல்லை இரண்டு இடத்தில் வைக்க முடியாது. 'இயக்கு' காரை ஓட்டுவதற்கும் பொருந்திவிடும்.

ஆகவே என் பரிந்துரை: ஸ்டார்ட்டர் என்பதற்குக் கிளப்பி. திருகிக் கிளப்புவது திருகுகிளப்பி, அழுத்திக் கிளப்புவது அழுத்துகிளப்பி. முறையைச் சொல்லும்போது திருகுகிளப்பல், அழுத்துகிளப்பல்.

ஒற்று மிகக் கூடாது என்பதைக் கவனியுங்கள். ஊறுகாய், சுடுகாடு போல இவை வினைத்தொகை. 'திருகுக்கிளப்பி' என்று க் போட்டுவிட்டால் 'திருகு' பெயர்ச்சொல்லாகி, திருகாணியோடு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்று பொருள் மாறிவிடும். மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிட வேண்டும், அவர்கள் நல்லெண்ணத்தில் ஒற்றுப் போட்டுவிடுவார்கள்.

> 'கிளப்பு' என்றாலே எனக்குக் கிளப்புக் கடை நினைவுக்கு வருகிறது. கொச்சையாகவும் இருக்கிறதே?

ஐயா, அதை யோசித்துத்தான் 'கிளப்புப் பொத்தான்' என்று வைக்காமல் 'கிளப்பி' என்று வைத்தேன். இகரம் ஏறியதும் சாப்பாட்டுக் கடை விலகிவிடுகிறது. கொச்சை என்பதை ஏற்கமாட்டேன். 'கிள' என்ற வேரிலிருந்து கிளம்பு, கிளப்பு, கிளர், கிளை எல்லாம் ஒரே குடும்பமாக நிற்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. வேர் பற்றிய என் ஊகம் பிழையானாலும், கிளம்பு–கிளப்பு என்ற தன்வினை பிறவினை இணை நமக்குப் பெரிய வசதி. 'எஞ்சின் கிளம்பவில்லை', 'எஞ்சினைக் கிளப்பினான்' என்று இரண்டு பக்கமும் சொல்லலாம். 'எரியூட்டல்' வைத்து இப்படி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்து நண்பர் இன்னொரு கேள்வி கேட்டிருந்தார்: திருகுவதும் அழுத்துவதும் உள்ளே ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்றால் எதற்கு இரண்டு சொல்? நல்ல கேள்வி. இன்றைய கார்களில் அவை ஒரே வேலையைச் செய்வதில்லை. மரபான திருகுகிளப்பியில் ஓட்டுநர் எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறாரோ அவ்வளவு நேரம் மோட்டார் சுற்றும். எஞ்சின் பிடித்துக்கொண்டதைக் காதால் கேட்டுக் கையை விடுகிறோம். இன்றைய அழுத்துகிளப்பியில் ஒரு தட்டு தட்டினால் போதும். பிரேக்கிலோ கிளட்சிலோ கால் இருக்கிறதா, சட்டைப்பைச் சாவி காருக்குள் இருக்கிறதா என்று கணினி பார்க்கிறது. கார் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒரு குரல் கொடுக்கும், சாவி உயர்ந்த அதிர்வெண்ணில் பதில் சொல்லும். எல்லாம் சரியென்றால் கணினியே மோட்டாரைச் சுற்றி, எஞ்சின் எழுந்ததும் அதுவே நிறுத்துகிறது. திருகுவது கட்டளை, அழுத்துவது வேண்டுகோள். 1949க்கு முந்தைய பொத்தான் இப்படி இல்லை, அதுவும் கட்டளைதான். ஆனாலும் விரல் செய்த வேலை அழுத்தலே, அதனால் சொல் மாற வேண்டியதில்லை.

இந்தக் கட்டளை–வேண்டுகோள் வேறுபாடு வெறும் சுவைக்காகச் சொல்வதல்ல. நிறுத்தும்போது உயிர் சம்பந்தப்பட்டது. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே வேகம் கட்டுக்கடங்காமல் போன லெக்ஸஸ் கார் ஒன்றில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த மாடலில் ஓடும்போது எஞ்சினை நிறுத்தப் பொத்தானை 3 நொடி விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பதற்றத்தில் யாருக்கு அது தோன்றும்? அதற்காகச் சாவி மேல் என்றும் சொல்லிவிட முடியாது. 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறத்தாழ 26 லட்சம் சிறு கார்களைத் திரும்பப் பெற்றது. கனமான சாவிக்கொத்தோ ஒரு குலுக்கலோ போதும், சாவி தானாகவே ஓட்டநிலையிலிருந்து துணைநிலைக்கு நழுவிவிடும். எஞ்சின் அணையும், காற்றுப்பையும் விரியாது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 இறப்புகளை ஏற்றுக்கொண்டது. அந்தப் பட்டியலில் போன்டியாக் சோல்ஸ்டிஸ், சாட்டர்ன் ஸ்கை என்ற இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களும் இருந்தன. எனவே சாவியின் நிலைகளுக்கும் தெளிவான பெயர் தேவை. பூட்டுநிலை, துணைநிலை, ஓட்டநிலை, கிளப்புநிலை என்று நான்காக வைத்திருக்கிறேன். 'துணைநிலை' என்பது ரேடியோ போன்ற துணைக்கருவிகளுக்கு மட்டும் மின்சாரம் தரும் நிலை. இதைவிடத் தெளிவான சொல் யாரிடமாவது இருந்தால் உடனே மாற்றிக்கொள்வேன். 'கிளப்பி' அளவுக்கு எனக்கு இதில் உறுதி இல்லை.

கட்டுரையில் போர்ஷ் பகுதிக்கு இந்தச் சொற்கள் நன்றாகப் பொருந்துகின்றன, பாருங்கள்: "போர்ஷ் 911இன் திருகுகிளப்பி ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் இருந்தது. பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டுநர்கள் சாலையைக் கடந்து ஓடிவந்து காருக்குள் ஏறிய காலத்தில், இடக்கையால் கிளப்பிக்கொண்டே வலக்கையால் கியர் போடலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்." அந்த ஓட்டத் தொடக்கம் ஆபத்தானது என்று 1969இல் பந்தய ஓட்டுநர் ஜாக்கி இக்ஸ் ஓடாமல் நடந்தே போய்க் காரில் ஏறினார், பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கடைசியாகக் கிளம்பினார், 24 மணி நேரம் கழித்து அவரே வென்றார். அதே பந்தயத்தின் முதல் சுற்றிலேயே இன்னோர் ஓட்டுநர் ஜான் வுல்ஃப் விபத்தில் இறந்தார். மறு ஆண்டிலிருந்து அந்தத் தொடக்கமுறை நின்றுவிட்டது. அதன் நினைவாக நின்ற திருகல் மட்டும் 911இல் 2024 வரை தொடர்ந்தது. அந்த ஆண்டு வந்த மாற்றத்தில் அழுத்துகிளப்பி ஏறிக்கொண்டது, இடம் மட்டும் இன்னும் இடப்பக்கமே. எனக்கு அது வருத்தம்தான். மணிக்கட்டு திரும்பும்போது எஞ்சின் திரும்புவதைக் கையே உணரும், அந்தச் சுகம் விரல்நுனித் தட்டலில் கிடைப்பதில்லை.

பொத்தானுக்கும் நியாயம் செய்ய வேண்டும். லம்போர்கினி அவென்டடோரில் (2011) பொத்தானை ஒரு சிவப்பு மூடி மறைத்திருக்கும், போர் விமானத்தில் போல மூடியைத் தூக்கிவிட்டுத்தான் அழுத்த முடியும். ஃபெராரி எஸ்எஃப்90இல் (2019) பொத்தானே இல்லாமல் தொடுபரப்பு ஆக்கினார்கள். வாங்கியவர்கள் குறைப்பட்டார்கள். ஃபெராரியின் 2025 அமால்ஃபி காரில் அலுமினியத்தில் உண்மையான பொத்தான் திரும்பி வந்துவிட்டது. இடையில் வந்த அந்தத் தொடுபரப்புக்கு மூன்றாவதாக 'தொடுகிளப்பி' என்று சொல்லிக்கொள்ளலாம். தொகை தானாகவே நீள்கிறது என்பது சொல் சரியான தடத்தில் இருப்பதற்கு அடையாளம் என்று நினைக்கிறேன்.

கடைசியாக மின்கார். அங்கே எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, பொத்தானை அழுத்தினால் சத்தமும் வராது, திரையில் 'தயார்' என்று வரும், அவ்வளவுதான். 'கிளப்பி' அங்கே செல்லுமா என்று அக்கா தனிமடலில் கேட்டிருந்தார். செல்லும் என்பேன். கிளம்புவது எஞ்சின் மட்டும் இல்லை, வண்டியும் நாமும்தான் கிளம்புகிறோம்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன. குறிப்பாகத் துணைநிலைக்கு மாற்றுச் சொல் வேண்டும். இலங்கை நண்பர்கள் 'கிளப்பி' அங்கே எப்படிக் காதில் விழுகிறது என்று சொன்னால் பெரிய உதவி.

அன்புடன்