ஒரே தீவனம், மூன்று விதக் கோழி: நுண்தாது பார்த்த மூவரின் அனுபவங்கள்

முதுகலை ஆய்வுக்காக பிராய்லர், முட்டை இனச் சேவல் குஞ்சு, நாட்டுக்கோழி மூன்றையும் ஒரே நாளில் பொரித்து, ஒரே தீவனம் போட்டு வளர்த்தேன். 42ஆம் நாள் பிராய்லர் இரண்டு கிலோவைத் தாண்டியிருந்தது. நாட்டுக்குஞ்சு அரைக் கிலோகூட வரவில்லை. பிராய்லர் உடம்பில் துத்தநாகமும் மாங்கனீசும் (உடம்புக்குச் சிறிதளவே வேண்டிய நுண்தாதுக்கள்) பல மடங்கு சேர்ந்திருக்கின்றன என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன். வழிகாட்டி ஒரே கேள்விதான் கேட்டார்: "குஞ்சுக்கா, கிராமுக்கா?" உடம்பு எடையில் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால் அந்தப் பல மடங்கு காணாமல் போனது. தின்றதும் அதுதானே அதிகம்!

வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது எலும்பில்தான். கால் எலும்பைச் சுத்தம் செய்து, கொழுப்பை ஈதர் என்ற கரைப்பானில் எடுத்து, தாது மட்டும் மிஞ்ச 600 டிகிரி உலையில் சாம்பலாக்குவோம். பிராய்லர் எலும்பு பார்க்கத் தடி, உள்ளே பொரபொரவென்று இருக்கும். நாட்டுக்கோழியுடையது குச்சி மாதிரி. ஆனால் ஒடிக்கக் கை வலிக்கும்.

*

எங்கள் ஆய்வகத்தின் கதை வேறு. நாட்டுக்குஞ்சு எலும்பில் மட்டும் துத்தநாகம் எகிறியது. இன வித்தியாசம் என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தோம். அப்புறம் பார்த்தால், அந்தக் கூண்டில் மட்டும் துத்தநாகப் பூச்சுப் போட்ட தகரத் தண்ணீர்த் தொட்டி! மற்றதெல்லாம் பிளாஸ்டிக். அந்த பேட்ச் முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

*

நான் ஆய்வகம் பக்கம் போனதில்லை, வளர்ப்பவன். எலும்பு உறுதியாகட்டும் என்று தீவனத்தில் சுண்ணாம்புத்தூளை அள்ளிப் போட்டேன். மூன்றாவது வாரம் பிராய்லர் குஞ்சுகளுக்குக் கணுமூட்டு வீங்கி, தசைநாண் பக்கவாட்டில் நழுவி, கால் வெளிப்பக்கமாகத் திரும்பிவிட்டது. கால்சியம் மிதமிஞ்சினால் மாங்கனீசும் துத்தநாகமும் குடலில் சரியாக ஏறாது என்று மருத்துவர் சொன்னார். பிராய்லருக்குக் கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம் மாங்கனீசு வேண்டும் என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் (என்.ஆர்.சி.) 1994 தீவன அட்டவணை சொல்கிறதாம். என் தீவனத்தில் அது இருந்திருக்கும், சுண்ணாம்புதான் சேர விடவில்லை. அதே தீவனம் தின்ற நாட்டுக்குஞ்சுகள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. சுமக்க அவ்வளவு உடம்பு இல்லையே.

சுண்ணாம்பை நிறுத்தி, தீவனத்தின் தாதுக் கலவையைச் சரிசெய்த பிறகு புதிதாக எதற்கும் வரவில்லை. ஏற்கெனவே நழுவியது நழுவியதுதான், திரும்பவில்லை.