ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ள சொந்தங்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லத்தில் சேர்த்தவர்கள் சொல்லுங்கள்: எதைப் பார்த்துச் சேர்த்தீர்கள்?

காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா:

தம்பிக்கு ஆட்டிசம். பேச்சு வராது. வேண்டியதற்கு நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். அப்பா போன பிறகு அம்மாவால் அவனைக் குளிப்பாட்டக்கூட முடியவில்லை, ஆள் அவ்வளவு உயரம். எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஒற்றை ரூம் வாடகை வீடு. இல்லத்தில் சேர்த்ததும் ஊரில் பேசத்தான் செய்தார்கள். பேசியவர்களில் ஒருத்தராவது ஒரு ராத்திரி அவனோடு கண் முழித்திருந்தால் சரி.

முதலில் சேர்த்த இடம் பார்க்கப் பிரமாதம். கிரானைட் தரை, வாசலில் புல்வெளி, மூலைக்கு மூலை கேமரா. ஆனால் ஞாயிறு மதியம் மட்டும்தான் பார்க்கலாம், அதுவும் போன் பண்ணிவிட்டு, முன்னறையில். தம்பி பவுடர் பூசி, தலை சீவி, இஸ்திரி சட்டையில் வருவான். உட்கார்ந்தபடியே தூங்கி விழுவான். என்ன மாத்திரை என்று கேட்டால், "டாக்டர் எழுதினதுதானுங்க." சீட்டு ஆபீசில் இருக்குமாம். ஆபீஸ் ஞாயிறு லீவு. ஒருநாள் அவன் செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் வளைந்து சதைக்குள் இறங்கிச் சீழ் கட்டியிருந்தது. பவுடர் பூச ஒரு நிமிஷம் போதும். நகம் அந்த அளவுக்கு வளர மாசக்கணக்காகும். அன்றைக்கே கூட்டி வந்துவிட்டோம்.

இப்போது இருப்பது பழைய ஓட்டு வீடு. சமையல்கட்டு வரை நேராகப் போகலாம், எந்த நேரமும். அங்கே வேலை பார்க்கும் அம்மா ஒருநாள் சொன்னார்: "தம்பிக்கு மிக்சி சத்தம் ஆகறதில்லீங் அம்மணி. அவரு தோட்டத்துப் பக்கம் போனதுக்கப்புறம்தான் சட்னி அரைக்கறதுங்க." இதை நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அரிசியும் பருப்பும் ஆக்கினால் தட்டைத் திரும்ப நீட்டுவான் என்பதும் அவராகக் கண்டுபிடித்ததுதான்.

குறையும் இருக்கிறது. பிறந்தநாள், திதி என்று யாராவது சாப்பாடு போட வந்துகொண்டே இருக்கிறார்கள். கேசரி, பிரியாணி, மறுபடி கேசரி. தம்பிக்குத் தொப்பை விழுந்துவிட்டது. வருகிறவர்கள் இவர்களை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். தாடி நரைக்கத் தொடங்கிய ஆளைப் பார்த்து "கை தட்டு கண்ணு" என்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். "அவங்க வரலைன்னா மளிகைக்கு என்னங்க பண்றது?" என்று கேட்டார்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு அப்பா:

2025இல் பொள்ளாச்சியில் இப்படி ஒரு இல்லத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். சுற்றுலா போன இடத்தில் பையனைக் காணோம் என்று இல்லத்துக்காரர்கள் பெற்றவர்களிடம் சொன்னார்கள். கடைசியில் அவன் உடலைப் போலீஸ் ஒரு தோட்டத்தில் தோண்டி எடுத்தது. அதற்கப்புறம் வீட்டில் இல்லம் என்ற பேச்சை எடுத்தாலே என் மனைவிக்கு அழுகை. மகளுக்கு அறிவுசார் குறைபாடு, வயது 26. நமக்கப்புறம் யார் என்ற கேள்வி அழுதால் தீருமா?

அதனால் முதலில் காகித வேலையைப் பிடித்தேன். 18 தாண்டிவிட்டால் பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி தானாகப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களும் இதில் வருவார்கள். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு 1 லட்சம் வரை உண்டு, போட்டுவிடுங்கள். அரசு தரும் மாத உதவித்தொகை டயப்பருக்கே சரியாகப் போகிறது.

இல்லம் பார்க்கப் போனால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் எங்கே மாட்டியிருக்கிறது என்று கேளுங்கள். கண்ணில் படும்படி மாட்டித்தான் ஆக வேண்டும். நான் கேட்டபோது ஒருவர் டிரஸ்ட் பத்திரத்தை எடுத்து நீட்டினார். அது வேறு, இது வேறு. சந்தேகம் என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கோவையில் இல்லப் பணியாளராக இருந்தவர்:

நான் அந்தப் பக்கத்து ஆள். ராத்திரி டூட்டிக்கு நான் ஒருத்தன், பசங்க பன்னிரண்டு பேர். ஒருத்தனுக்கு வலிப்பு வந்தால் மற்றவர்களைச் சாமிதான் பார்க்க வேண்டும். சம்பளமோ மில் வேலையைவிடக் கம்மி. யார் நிற்பார்கள்? எனவே சான்றிதழோடு இதையும் கேளுங்கள்: ராத்திரி எத்தனை பேர், அவர்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள்?

ஒரு பையன் திடீரென்று கையைக் கடித்துக்கொள்ள ஆரம்பித்தான். அடம் என்றார்கள், மாத்திரையைக் கூட்டச் சொன்னார்கள். சோற்றை ஒரே பக்கமாக மெல்கிறான் என்று கூட இருந்த அக்கா கவனித்ததால் பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். கடைவாய்ப் பல் சொத்தை. பிடுங்கியதும் கடிப்பது நின்றுவிட்டது.

காங்கயம் அக்கா:

அண்ணா, தம்பியும் கொஞ்ச நாளாகக் கன்னத்தில் அடித்துக்கொள்கிறான். வாயைத் திறக்கவே விடமாட்டான். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகப் பல் பார்க்கிற இடம் கோவையிலோ திருப்பூரிலோ இருக்கிறதுங்களா?