தடுப்பூசிக்குப் பிறகு பையனின் பாதம் தொங்குகிறது; சமரசப் பத்திரத்தில் கையெழுத்து போடலாமா?

முதுநகர் அம்மா:
வணக்கம். பையனுக்கு ஒன்றரை வயது பூஸ்டரைப் புதுச்சேரியில் ஒரு தனியார் கிளினிக்கில் பணம் கட்டிப் போட்டோம். தொடையில் போடாமல் புட்டத்தில் போட்டார்கள். அன்று ராத்திரியே காலை ஊன்றவில்லை. "ஜுரம், சரியாகிவிடும்" என்றார்கள். ஆகவில்லை. ஜிப்மரில் நரம்புப் பரிசோதனை செய்து, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பில் பாதிப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். இப்போது ஸ்ப்ளின்ட் (பாதத்தைத் தாங்கும் பட்டை) மாட்டித்தான் நடக்கிறான்.

ஊசி போட்டு 22 மாதம் ஆகிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகு, "தடுப்பூசியால் வந்தது என்று நிரூபணம் இல்லை, மனிதாபிமானத்தில் தருகிறோம்" என்று 1,50,000 ரூபாய் பேசுகிறார்கள். 'முழுமையான, இறுதியான தீர்வு' என்று பத்திரம் வந்திருக்கிறது. மாமியார் வந்ததை வாங்கு என்கிறார். என்ன செய்வது?

கெடிலக்கரை:
கையெழுத்து போடாதீங்க சகோதரி. முதலில் தேதியைப் பாருங்கள். நுகர்வோர் சட்டம் 2019, பிரிவு 69: இரண்டு வருடத்துக்குள் புகார் தர வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நிற்காது. இரண்டு மாதம்தான் இருக்கிறது, எதிர்த்தரப்புக்கு அது நன்றாகவே தெரியும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம்தான், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

புதுச்சேரிக்கு அலையவும் வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம், பிரிவு 34 அனுமதிக்கிறது. ஊசிக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்தானே, கட்டணமும் கிடையாது. பணம் கட்டியது உங்களுக்குப் பலம். எல்லோருக்கும் இலவசமாகத் தரும் சிகிச்சை இந்தச் சட்டத்துக்குள் வராது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வில்லியனூர் நர்ஸ்:
புகாரில் 'தடுப்பூசி பாதிப்பு' என்று எழுத வேண்டாம் அக்கா. எழுதினால் மருந்தின் மேல் பழி விழும், அவர்கள் கேட்பதும் அதற்கான நிரூபணத்தைத்தான். மருந்தில் குறை இல்லை, போட்ட இடத்தில்தான் குறை. குழந்தைகளுக்குத் தொடையின் முன்-வெளிப் பக்கம்தான் போட வேண்டும். புட்டத்தில் அந்த நரம்பு இருக்கிறது என்பதற்காகத்தான் வேண்டாம் என்று எங்களுக்குப் படிக்கும்போதே சொல்லிக் கொடுத்தார்கள். மற்ற தடுப்பூசிகளை நிறுத்திவிடாதீர்கள், தொடையில் போடச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
சமரசமே கூடாது என்று சொல்ல மாட்டேன். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். ஆனால் பணம் பையனுடையது, உங்களுடையது அல்ல. சிவில் வழக்கில் மைனர் சார்பில் சமரசம் செய்ய நீதிமன்ற அனுமதி வேண்டும் (சிவில் நடைமுறைச் சட்டம், ஆணை 32, விதி 7). வீட்டில் உட்கார்ந்து போடும் பத்திரத்துக்கு அந்தக் காவல் இல்லை. புகாரைப் பதிவு செய்துவிட்டு, ஆணையத்தின் முன்னிலையில் பேசி, உத்தரவாக வாங்குங்கள். பணத்தைப் பையன் பெயரில் வைப்பு நிதியாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். 18 வயதுவரை பிசியோதெரபி, வளர வளரப் புது ஸ்ப்ளின்ட் என்று கணக்குப் போட்டால் ஒன்றரை லட்சம் எந்த மூலைக்கு?

வக்கீல் செலவு யோசிக்கிறீர்கள் என்றால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. 15100-க்குக் கூப்பிட்டும் கேட்கலாம்.

முதுநகர் அம்மா:
நன்றி. பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம். மாமியார் பேசவில்லை, பரவாயில்லை. ஒரு சிக்கல்: ரசீதில் ஊசியின் பெயர்தான் இருக்கிறது, எங்கே போட்டார்கள் என்று இல்லை.

கெடிலக்கரை:
சிகிச்சைப் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று அந்த டாக்டருக்கு எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்கிறது. ஸ்பீட் போஸ்டில், பதிவு செய்து, ஒப்புகையோடு அனுப்புங்கள். நாளைக்கே.