புதுப்பிப்பு: ஒருவழியாகக் கொல்லிமலை போய்விட்டோம்

எங்கள் பயணத் திட்டமெல்லாம் வாட்ஸ்அப் குழுவிலேயே செத்துப்போகிறது என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன் அல்லவா, இரண்டாவது சனிக்கிழமையைக் காலியாக வைத்துவிட்டு பையை மட்டும் தயாராக வையுங்கள், இடத்தை முந்தைய நாள் முடிவு செய்யலாம் என்று நீங்கள் சொன்னது பலித்துவிட்டது. வெள்ளி இரவு பேசினோம், சனி விடியற்காலையில் சேலத்திலிருந்து மூன்று பைக்கில் கிளம்பிவிட்டோம். மலை அடிவாரத்தில் இருக்கும் காரவள்ளி தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் உட்கார்ந்தவனுக்குத்தான் குமட்டல், ஓட்டியவனுக்கு ஒன்றுமில்லை. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி, இறங்கும்போது பாட்டு, ஏறும்போது பேச்சே இல்லை. ஓஆர்எஸ் பொட்டலம் காப்பாற்றியது. மழைக்கோட்டு வைத்திருந்த பையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டேன், சரி, நனைந்தோம். அடுத்து ஏற்காடா, கல்வராயனா?