முகில் மூடினால் கிளைடர் போட்டி நடக்குமா?

கேள்வி (கிளிநொச்சி):
இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் பருந்துகள் சிறகடிக்காமல் மேலேறுவது தெரியும். இயந்திரமில்லா விமானமான கிளைடரும் அதே வெப்பக்காற்றில்தானே ஏறுகிறது? முகில் மூடிய நாளில் போட்டியை என்ன செய்வார்கள்? விளக்கமாகச் சொல்லுங்கோ அண்ணைமார்.

பதில் (வவுனியா):
தம்பி, அன்றன்றைய வானிலையைப் பார்த்துத்தான் பாதையை அறிவிப்பார்கள். நம்பகமான வானம் என்றால் எல்லாருக்கும் ஒரே திருப்புப் புள்ளிகள் (சுற்றித் திரும்ப வேண்டிய இடங்கள்), வேகமானவர் வெல்வார். மழைமுகில் அங்கங்கே திரளும் நாளில் புள்ளிக்குப் பதிலாகப் பெரிய வட்டங்கள், கூடவே ஒரு குறைந்தபட்ச நேரம், உதாரணமாக 3 மணித்தியாலம். வட்டத்துக்குள் எவ்வளவு தூரம் போவது என்பது விமானியின் முடிவு. 2½ மணித்தியாலத்தில் திரும்பினாலும் வேகத்தைக் கணிக்கத் தூரத்தை 3 ஆல்தான் வகுப்பார்கள். வானத்தை வாசிக்கத் தெரிந்தவரைக் காட்டுவது இந்த வகைதான், எனக்கு மிகவும் பிடித்தது.

பதில் (முல்லைத்தீவு):
முழுக்க மூடினால் அன்றைய போட்டி பெரும்பாலும் ரத்து. கடற்காற்றையும் கவனியுங்கோ, அந்தக் குளிர்காற்று உள்ளே வந்தால் வெப்பக்காற்று அடங்கிவிடும்.