புதுப்பிப்பு: எஃகுத் தூண்களின் நெளிவு, நடு உயர பிரேசிங் போதுமானதாக இருந்தது

மேல்தளத்தில் சுமை கூடுவதால், கிடங்கின் மெலிந்த ஐ வடிவ எஃகுத் தூண்கள் நெளியாமல் (சுமை அழுத்தும்போது பக்கவாட்டில் வளைந்துவிடாமல்) வலுப்படுத்துவது எப்படி என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. வேலை முடிந்தது.

தூணோடு கூடுதல் எஃகுத் தகடு பற்றவைக்கும் முன் நடு உயரத்தில் பிரேசிங் (தூண் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் இணைப்பு) கொடுத்துப் பாருங்கள் என்ற யோசனைதான் பலித்தது. தூண் எந்தச் சுமையில் நெளியும் என்று கணக்கிடும் ஆய்லர் சூத்திரப்படி, தாங்கலற்ற (பக்கவாட்டுப் பிடிப்பில்லாத) நீளம் பாதியானால் நெளிவுச் சுமை 4 மடங்காகும். ஆனால் எதிர்பாராத ஒன்று: தூணின் மொத்தத் தாங்குதிறன் அந்த அளவுக்கு உயரவில்லை. பிரேசிங் வலுக்குறைந்த அச்சுக்கு (ஐ வடிவத் தூண் எளிதில் வளையும் திசைக்கு) மட்டுமே உதவியது; வலுவான அச்சின் நீளம் மாறாததால் அடுத்து அதுவே எல்லையாகிவிட்டது. எங்கள் தேவைக்கு அதுவே போதும் என்பதால் தகடு வேண்டியிருக்கவில்லை.

தகடுதான் வழி என்றால், முதலில் ஜாக்கி வைத்துத் தூணின் சுமையை இறக்குங்கள். இல்லாவிட்டால் தகடு இனி வரும் சுமையில் மட்டுமே பங்கெடுக்கும். பற்றவைப்பின் சூடு தூணையும் வளைக்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: தூண்களை ஒன்றோடொன்று இணைத்தால் மட்டும் போதாது, எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் நெளியும். எங்கள் கட்டமைப்புப் பொறியாளர் வரிசையின் ஒரு முனையில் குறுக்கு பிரேசிங் அமைத்து, அதை அடித்தளம் வரை கொண்டுசென்று பிடிக்கவைத்தார்.